பிரமீளா தண்டவதேயின் வெள்ளிக்கிழமை மசோதா

வரதட்சணை என்றால் என்ன என்று சட்டம் சொல்லும் வரையறை 1984இல் மாறியது. மாற்றியது அன்றைய காங்கிரஸ் அரசு. அரசிதழை மட்டும் படிக்கிறவருக்குக் கதை அவ்வளவுதான். நான்கு ஆண்டுகள் பின்னால் போய்ப் பார்த்தால் இன்னொரு மசோதா கிடைக்கிறது. 1980இல் மக்களவையில் வைக்கப்பட்ட அந்த மசோதா சட்டமாகவில்லை. அதை வைத்தவர் பிரமீளா தண்டவதே, எதிர்வரிசையிலிருந்த ஜனதா கட்சிக்காரர். மக்களவைக்கு அதுதான் அவருக்கு முதல் முறை. அதுவே கடைசி முறையும் ஆனது. தொகுதி பம்பாய் வடக்கு மத்தி. தாராவி அன்று அந்தத் தொகுதிக்குள்தான் இருந்தது.

அமைச்சர் பதவியோ கட்சிப் பொறுப்போ இல்லாத ஒரு சாதாரண உறுப்பினரால் நாடாளுமன்றத்தில் என்ன செய்ய முடியும்? நம்மிடையே இதற்கு இரண்டு பதில்கள் புழங்குகின்றன. ஒன்றும் முடியாது, கொறடா காட்டிய பக்கம் வாக்களிப்பதுதான் அவர் வேலை என்பது ஒன்று. நன்றாகப் பேசத் தெரிந்தால் பெயர் வாங்கலாம் என்பது மற்றொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. அவைக்கு வெளியே மக்கள் திரட்டிய உண்மையை அவையின் ஆவணத்துக்குள் கொண்டுசேர்த்து, அரசு பதில் சொல்லியே தீர வேண்டிய நிலையை உண்டாக்குவது அவரால் முடியும். அது நடந்துவிட்டால், பிறகு சட்டம் யார் பெயரில் வருகிறது என்பது இரண்டாம் கேள்வி. தண்டவதேயின் ஐந்தாண்டுகளை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

அவர் 1928இல் பிறந்தவர். சாந்திநிகேதனில் ஓவியம் படித்தார். சோஷலிச இயக்கத்தில் வளர்ந்து, அதே இயக்கத்தைச் சேர்ந்த மது தண்டவதேயை மணந்தார். 1968 முதல் 1973 வரை பம்பாய் மாநகராட்சியில் உறுப்பினராக இருந்தார். இந்த மாநகராட்சி ஆண்டுகளைச் சும்மா கடந்துபோகக் கூடாது. 1972இல் மகாராஷ்டிரத்தைப் பெரும் வறட்சி தாக்கியது. தானியமும் எண்ணெயும் மண்ணெண்ணெயும் விலை ஏறின, பல வேளைகளில் கிடைக்கவே இல்லை. அப்போது சோஷலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும் கட்சி வேறுபாட்டை ஒதுக்கிவைத்து விலைவாசி எதிர்ப்புப் பெண்கள் முன்னணி ஒன்றை அமைத்தார்கள். மிருணாள் கோரே, அகல்யா ரங்னேகர், பிரமீளா தண்டவதே ஆகியோர் அதன் முன்னணியில் நின்றார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் பூரிக்கட்டையால் தட்டுகளைத் தட்டிக்கொண்டு பம்பாய்த் தெருக்களில் போனார்கள். அரசியல் கூட்டத்துக்கே வந்திராத இல்லத்தரசிகள் ரேஷன் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அமைச்சர்களிடம் விவரம் கேட்டார்கள்.

அந்த முன்னணியின் தலைவர்கள் நெருக்கடி நிலையில் சிறைக்குப் போனார்கள். பிரமீளா எரவாடாவில், மது பெங்களூரில். தம்பதியர் ஒரு சிறையிலிருந்து இன்னொரு சிறைக்குக் கடிதம் எழுதிக்கொண்டு அந்தக் காலத்தைக் கழித்தார்கள். 1977 தேர்தலில் மிருணாள் கோரே பம்பாய் வடக்கிலிருந்தும், மார்க்சிஸ்ட் கட்சியின் அகல்யா ரங்னேகர் பம்பாய் வடக்கு மத்தியிலிருந்தும் மக்களவைக்குப் போனார்கள். 1980இல் வடக்கு மத்தி தண்டவதேயைத் தேர்ந்தெடுத்தது. பூரிக்கட்டை ஊர்வலத்தின் இரு தலைவிகளை ஒரே தொகுதி அடுத்தடுத்து டெல்லிக்கு அனுப்பியிருக்கிறது. இந்தியத் தேர்தல் வரலாற்றில் இதற்கு உரிய இடம் கொடுத்து யாரும் எழுதவில்லை என்ற குறை எனக்கு உண்டு.

1980 தேர்தல் இந்திரா காந்தி திரும்பி வந்த தேர்தல். காங்கிரசுக்கு 353 இடங்கள், ஜனதாவுக்கு 31. நாட்டின் போக்குக்கு மாறாகப் பம்பாயின் இடங்களில் பெரும்பாலானவற்றை ஜனதா பிடித்தது. அந்த மக்களவையில் பெண்கள் 28 பேர்தான். விவாத நேரம் கட்சிகளின் பலத்தைப் பொறுத்துப் பங்கிடப்படும் அவையில் 31 பேர் கொண்ட கட்சிக்கு என்ன கிடைக்கும்? பெரிய விவாதங்களில் கட்சித் தலைவர் பேசி முடித்த பிறகு மீதமிருக்கும் சில நிமிடங்கள் கிடைக்கும். ஆகவே சாதாரண உறுப்பினருக்கு உண்மையான இடம் பெரிய விவாதங்களில் இல்லை. கேள்வி நேரத்தில் இருக்கிறது. கவன ஈர்ப்பில் இருக்கிறது. தொகுதிப் பிரச்சினையை எழுதிக் கொடுத்து வாசிக்க அனுமதிக்கும் 377ஆம் விதியில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் இருக்கிறது.

கூட்டத்தொடர் நடக்கும்போது வெள்ளிக்கிழமைகளின் கடைசி இரண்டரை மணி நேரம் அமைச்சர் அல்லாத உறுப்பினர்களுக்கு உரியது. ஒரு வாரம் தனிநபர் மசோதாக்கள், மறு வாரம் தனிநபர் தீர்மானங்கள். உறுப்பினர் முன்கூட்டி அறிவிப்புக் கொடுக்க வேண்டும். யாருடைய மசோதா முதலில் விவாதத்துக்கு வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். அறிமுகம் செய்வதை வழக்கமாக யாரும் எதிர்ப்பதில்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான். வெள்ளி மாலை ரயிலுக்கும் விமானத்துக்கும் உறுப்பினர்கள் கிளம்பிவிடுவார்கள். அவையில் பத்தில் ஒரு பங்கு பேர் இல்லாவிட்டால் நடவடிக்கையே நின்றுபோகும். விவாதம் நடந்தாலும் இறுதியில் அமைச்சர் எழுந்து, அரசே இதுபற்றி விரிவான சட்டம் கொண்டுவர எண்ணியிருக்கிறது, உறுப்பினர் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்பார். உறுப்பினரும் திரும்பப் பெறுவார். 1952 முதல் இன்று வரை சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14 மட்டுமே. கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல். உச்ச நீதிமன்றத்தின் குற்றவியல் மேல்முறையீட்டு அதிகாரத்தை விரிவாக்கிய, ஆனந்த் நாராயண் முல்லாவின் மசோதா அது.

இந்தக் கணக்கைச் சொல்லித் தனிநபர் மசோதா வெறும் சடங்கு என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமை மசோதாவின் பயன் அது சட்டமாவதில் இல்லை. ஒரு பொருளைப் பற்றி அரசு தன் நிலையைப் பதிவுசெய்தே ஆக வேண்டும். எதிர்க்கட்சிக்காரரின் மசோதாவுக்கு ஆளுங்கட்சி உறுப்பினர்களும் எழுந்து ஆதரவு சொல்ல அங்கே இடம் உண்டு. ஆங்கிலேயர் காலத்து மத்திய சட்டசபையிலேயே இதற்கு முன்னோடி இருக்கிறது. ஹர்பிலாஸ் சாரதா என்ற தனி உறுப்பினரின் மசோதாவிலிருந்துதான் 1929ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடுப்புச் சட்டம் பிறந்தது. இன்றும் அதை சாரதா சட்டம் என்றே சொல்கிறோம்.

தண்டவதே கையில் எடுத்த பொருளுக்கு வருவோம். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. அந்த மசோதாவில் இரு அவைகளும் உடன்படாமல், 1961 மே மாதம் கூட்டு அமர்வு கூட்டி நிறைவேற்ற வேண்டியிருந்தது. அரசமைப்பு வந்தபின் நடந்த முதல் கூட்டு அமர்வு அதுதான். இதுவரை அப்படி மூன்றே மூன்று அமர்வுகள் நடந்திருக்கின்றன. அத்தனை பாடுபட்டு வந்த சட்டம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் செயலற்றுக் கிடந்தது. காரணம் அதன் உள்ளேயே இருந்தது.

திருமணத்தின் மறுபயனாகக் கொடுக்கப்படும் சொத்தோ மதிப்புள்ள பத்திரமோதான் வரதட்சணை என்றது 1961ஆம் ஆண்டின் வரையறை. மறுபயன் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் சொல். ஒன்றைக் கொடுத்து அதற்கு ஈடாக இன்னொன்றைப் பெறுவது. அப்படியானால் இந்த நகையும் இந்தப் பணமும் கல்யாணத்துக்கு விலையாகத்தான் கைமாறின என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். எந்த வீட்டில் அதை எழுதி வைக்கிறார்கள்? நம் வீடுகளில் அதற்குச் சீர், செய்முறை, பெண்ணுக்குப் போடுவது என்று எத்தனையோ பெயர்கள். கேட்டால், பெற்றோர் பிரியப்பட்டுச் செய்தது என்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு கேட்கப்படும் பணமோ அறவே வரையறைக்கு வெளியே நின்றது. கல்யாணம்தான் முடிந்துவிட்டதே, அதற்குப் பிறகு கொடுப்பது எப்படி அதன் மறுபயனாகும் என்று வாதிட்டார்கள். 1981இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டது.

மற்ற ஓட்டைகளும் சிறியவை அல்ல. தண்டனை அதிகபட்சம் ஆறு மாதச் சிறை. குற்றம் நடந்த ஓராண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். போலீஸ் தானாக வழக்கு எடுக்க முடியாது. வரதட்சணை கேட்டார் என்று வழக்குத் தொடர மாநில அரசின் முன் அனுமதி வேண்டும். வாங்கியவரோடு கொடுத்தவரும் குற்றவாளி. மகளைப் புகுந்த வீட்டில் விட்டுவிட்டு வந்த தகப்பன், ஓராண்டுக்குள், தானும் குற்றவாளிக் கூண்டில் நிற்கத் துணிந்து, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் எதிர்பார்த்தது. அப்படி நடந்தவர்கள் மிகச் சிலர்.

இதற்கிடையில் வரதட்சணை தன் எல்லையை விரித்துக்கொண்டே போனது. ஒரு காலத்தில் மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போட்டுப் பெண் எடுத்த சமூகங்களிலும் பெண் வீட்டார் கொடுப்பது வழக்கமாகியது. பம்பாய்த் தமிழரிடையே இந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள அதிக தூரம் போக வேண்டாம். மாட்டுங்காவில் வங்கி, ரயில்வே, அலுவலக வேலைகளில் இருந்த குடும்பங்களிலும், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து தாராவியில் தங்கிய குடும்பங்களிலும் சம்பந்தப் பேச்சு பவுன் கணக்கில் நடப்பது பழகிப்போனது. சம்பளமும் நகரத்து முகவரியும் மாப்பிள்ளையின் விலையை ஏற்றின. ஊரில் மாமன் மகனுக்குக் கட்டியிருந்தால் எழாத கேள்விகள், பம்பாய் மாப்பிள்ளை என்றதும் எழுந்தன.

எழுபதுகளின் இறுதியில் டெல்லியில் இளம் மனைவிகள் தீயில் கருகி இறப்பது அடுத்தடுத்துச் செய்தியானது. அடுப்பு வெடித்தது என்றும் தற்கொலை என்றும் போலீஸ் முடித்துவைத்த சாவுகள் அவை. இவற்றை வரதட்சணையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று முதலில் சொன்ன அமைப்புகளில் ஒன்று மகிளா தக்ஷதா சமிதி. பிரமீளா தண்டவதே அதை நிறுவியவர்களில் முக்கியமானவர். சமிதியினர் இறந்த பெண்களின் குடும்பங்களைச் சந்தித்து விவரம் திரட்டினார்கள். 1979இல் ஸ்திரீ சங்கர்ஷ் போன்ற குழுக்கள், பெண் இறந்த வீடுகளின் வாசலிலேயே போய் நின்று முழக்கமிட்டன. அக்கம்பக்கத்தார் முதல் முறையாக வெளியே வந்து, அந்த வீட்டில் அலறல் கேட்டது என்று பேசத் தொடங்கினார்கள்.

1980இல் தண்டவதே வைத்த திருத்த மசோதாவுக்குப் பின்னால் இதெல்லாம் இருந்தது. ஓர் உறுப்பினர் வீட்டில் உட்கார்ந்து நல்லெண்ணத்தோடு எழுதிய வரைவு அல்ல அது. வீடு வீடாகக் கேட்ட விவரம், போலீஸ் நிலையத்தில் திருப்பி அனுப்பப்பட்ட புகார், நீதிமன்றத்தில் தோற்ற வழக்கு ஆகியவை அதற்கு அடித்தளம். 1961 சட்டம் நடைமுறையில் தோற்றுவிட்டது என்பதை மறுக்க ஆளுங்கட்சியாலும் முடியவில்லை. விரிவான சட்டம் கொண்டுவருகிறோம் என்ற வழக்கமான உறுதிமொழியோடு விஷயம் முடியாமல், 1961 சட்டம் எப்படி நடைமுறையாகிறது என்று ஆராய இரு அவைகளின் கூட்டுக்குழு ஒன்று அமைந்தது. காங்கிரஸ் உறுப்பினர் கிருஷ்ணா சாஹி அதற்குத் தலைவர்.

என் பார்வையில் இந்தக் கதையின் முக்கியமான திருப்பம் கூட்டுக்குழுதான். மசோதா தோற்றால் கோப்பு மூடப்படும். வென்றால் அது அரிய அதிசயம். குழு அமைந்தாலோ கோப்பு திறந்தே இருக்கும். பெண்கள் அமைப்புகளும் வழக்கறிஞர்களும் குழுவின் முன் சாட்சியம் சொன்னார்கள். தெருவில் முழக்கமாக இருந்தது நாடாளுமன்ற ஆவணமாக மாறியது. எதிர்க்கட்சியின் கோரிக்கையை இனி இரு கட்சிகளும் கையெழுத்திட்ட பரிந்துரை என்று சொல்லலாம். 1982இல் குழு அறிக்கை கொடுத்தது. மறுபயன் என்ற சொல்லை எடுக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான பரிந்துரைகளில் ஒன்று.

1983இல் உச்ச நீதிமன்றத்துக்கு மகாராஷ்டிரத்திலிருந்து ஒரு வழக்கு வந்தது. மணமக்களை அமெரிக்காவுக்கு அனுப்பும் செலவுக்கென்று மாப்பிள்ளை வீட்டார் 50,000 ரூபாய் கேட்டதாகப் புகார். பெண் வீட்டார் கொடுக்க ஒப்புக்கொள்ளாதபோது அது எப்படி வரதட்சணையாகும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். கேட்பதே குற்றம் என்று சொல்ல, சட்டத்தின் நோக்கத்தைத் தாராளமாகப் பொருள்கொண்டு படிக்க வேண்டியிருந்தது நீதிமன்றத்துக்கு. வரையறையை மாற்றாமல் இனி நகர முடியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அதே 1983 டிசம்பரில் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498அ பிரிவு சேர்ந்தது. கணவனோ அவன் உறவினரோ செய்யும் கொடுமை தனிக் குற்றமானது. 1984இல் வரதட்சணைத் தடைச் சட்டம் திருத்தப்பட்டது. திருமணத்தின் மறுபயனாக என்ற சொற்கள் போய், திருமணம் தொடர்பாக என்ற சொற்கள் வந்தன. சிறைத் தண்டனை ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டு வரை என்று ஆனது. ஓராண்டுக் கெடு எடுக்கப்பட்டது. பெண்ணின் பெற்றோரும் உறவினரும் மட்டுமல்லாமல், அங்கீகரிக்கப்பட்ட நல அமைப்புகளும் புகார் கொடுக்கலாம் என்று ஆனது. இந்தக் கடைசி மாற்றத்தை நான் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். வீடு வீடாகப் போய் விவரம் திரட்டிய அமைப்புகளுக்குச் சட்டத்துக்குள்ளேயே ஓர் இடம் கிடைத்தது. திருத்தச் சட்டம் 1985 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்தது.

குழு கேட்டதெல்லாம் வந்துவிடவில்லை. 1984 திருத்தம் பாதி வழியில் நின்றுவிட்டது என்று பெண்கள் அமைப்புகள் உடனே குறை கூறின. அந்தக் குறை நியாயமானது. 1986இல் இன்னொரு திருத்தம் வந்தது. குறைந்தபட்சத் தண்டனை ஐந்தாண்டு ஆனது. வாங்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் மீது விழுந்தது. வரதட்சணைத் தடுப்பு அதிகாரிகளை மாநில அரசுகள் நியமிக்க வழி செய்யப்பட்டது. பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் வாக்குமூலத்தை வைத்து அவர் மீதே வழக்குப் போட முடியாது என்று ஒரு பாதுகாப்பு வந்தது. திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் இயல்புக்கு மாறாக நிகழும் சாவு, இறப்பதற்குச் சற்று முன்வரை வரதட்சணைக் கொடுமை நடந்திருந்தால், வரதட்சணைச் சாவாகக் கருதப்படும் என்று தண்டனைச் சட்டத்தில் 304ஆ பிரிவு எழுதப்பட்டது. அதற்குள் தண்டவதே அவையில் இல்லை. 1984 டிசம்பர் தேர்தலில் வடக்கு மத்தி காங்கிரசுக்குப் போய்விட்டது.

பின்வரிசை உறுப்பினரின் பலம் ஆளுங்கட்சியிலும் இருக்கலாம் என்பதற்கு இன்னொரு எடுத்துக்காட்டு உண்டு. அதுவும் பம்பாயைத் தொட்டுப் போகிறது. ரேபரேலியின் காங்கிரஸ் உறுப்பினர் பெரோஸ் காந்தி, 1957 டிசம்பரில், ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளை வாங்கிய விவகாரத்தை அவையில் எழுப்பினார். பிரதமர் அவருக்கு மாமனார். விசாரணைக்குப் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா நியமிக்கப்பட்டார். பம்பாயில் திறந்த அரங்கில் விசாரணை நடந்தது; கேட்க மக்கள் திரண்டார்கள். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நாடாளுமன்ற நடவடிக்கைகளைச் செய்தியாக வெளியிடும் பத்திரிகைகளுக்குப் பாதுகாப்புத் தந்த 1956ஆம் ஆண்டுச் சட்டமும் பெரோஸ் காந்தியின் தனிநபர் மசோதாதான். அந்த 14இல் ஒன்று. இந்த வழிகள் எத்தனை மதிப்புள்ளவை என்பது அவை மூடப்படும்போதுதான் தெரியும். 1975 ஜூலையில், நெருக்கடி நிலை அறிவித்தபின் கூடிய முதல் கூட்டத்தொடரில், கேள்வி நேரமும் தனிநபர் அலுவலும் நிறுத்திவைக்கப்பட்டன.

அந்தக் காலத்தில் செம்பூரை ஒட்டிய டிராம்பேயில் நடந்ததைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். அங்கே ஜனதா காலனி என்ற பெருங்குடியிருப்பு இருந்தது. தமிழர்கள் பெருமளவில் வாழ்ந்த இடம். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக அதைக் காலிசெய்யச் சொன்னார்கள். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜாக்கின் அற்புதம் மக்களைத் திரட்டினார், நீதிமன்றம் போனார், டெல்லிக்கும் போய் நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பார்த்தார். குடிசை, வீட்டுமனை எல்லாம் மாநில அரசின் பொருள். மக்களவையில் அவற்றைப் பேச எளிதில் விடமாட்டார்கள். நிலம் மத்திய அரசுத் துறையின் தேவைக்கு என்றால் கதை வேறு. அப்போது நாடாளுமன்றம் பதில் சொல்ல வேண்டிய இடம். டெல்லிக்குப் போக வேண்டும் என்று ஜாக்கின் முடிவெடுத்ததில் கூர்மையான அரசியல் அறிவு இருந்தது. ஆனால் நெருக்கடி நிலையில் அந்தக் கதவு இறுகிவிட்டது. 1976 மே மாதம் சுமார் 70,000 பேரை அங்கிருந்து அகற்றி, இன்று சீத்தா கேம்ப் என்று அறியப்படும் இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஜாக்கின் தொடங்கிய குடிசைவாசிகள் கூட்டமைப்பு பின்னாளில் உலகம் அறிந்ததாக வளர்ந்தது. 2018இல் அவர் காலமானார். 2008 தொகுதி மறுவரையறைக்குப் பிறகு தாராவியும் செம்பூரும், சீத்தா கேம்ப் இருக்கும் அணுசக்தி நகரும் ஒரே மக்களவைத் தொகுதியான மும்பை தெற்கு மத்தியில் இருக்கின்றன. அந்தத் தொகுதியின் உறுப்பினர் யாராக இருந்தாலும், நிலம் யாருடையது என்ற கேள்வியை விடாமல் கேட்பதுதான் அவருடைய முதல் வேலை என்பேன்.

1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. விலைக்கு வாங்கப்படும் உறுப்பினர்களைத் தடுக்கத்தான் வந்தது. அந்தத் தேவை உண்மையானது. ஆனால் எந்த வாக்கெடுப்பிலும் கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும் என்று எழுதியபோது, ஆளுங்கட்சியில் இன்னொரு பெரோஸ் காந்தி உருவாகும் வாய்ப்பும் சுருங்கியது. பேச்சு இன்னும் உறுப்பினருடையது; வாக்கு கட்சியுடையது. வாக்கால் பயனில்லை என்று தெரிந்தபின் பேச்சைத் தயார்செய்யும் உழைப்பும் குறைகிறது. நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் நிதி மசோதாவுக்கும் மட்டும் இந்தத் தண்டனை பொருந்தும்படி திருத்த வேண்டும் என்ற யோசனை பல காலமாக இருக்கிறது. அதைச் செய்ய எந்த அரசும் முன்வரவில்லை.

வெள்ளிக்கிழமைப் பிற்பகலும் தேய்ந்துபோயிருக்கிறது. 2019 முதல் 2024 வரை இருந்த 17ஆவது மக்களவையில் 729 தனிநபர் மசோதாக்கள் அறிமுகமாயின. விவாதத்துக்கு வந்தவை இரண்டு. 2020 செப்டம்பரில் பெருந்தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமும் தனிநபர் அலுவலும் மீண்டும் கைவிடப்பட்டன. அரசின் மசோதாக்கள் மட்டும் நிறைவேறின. உறுப்பினர்களின் செயல்பாட்டை வருகைப் பதிவு, கேட்ட கேள்விகள், வைத்த மசோதாக்கள் என்று எண்ணி மதிப்பெண் போடும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. எண்ணிக்கை தெரிவது நல்லது. ஆனால் அந்த அளவுகோலில் 729இல் எதுவும் ஒன்றுதான். ஒரே ஒரு பொருளை எடுத்து, கூட்டுக்குழு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், தன் பெயர் இல்லாத சட்டம் வரும்வரை விடாதிருந்த ஒருவரை அந்த அட்டவணையில் எங்கே வைப்பது?

தமிழ்நாட்டிலிருந்தும் இதே வழியில் போன ஒருவர் இருக்கிறார். 2015 ஏப்ரல் 24, ஒரு வெள்ளிக்கிழமை. மாநிலங்களவையில் திமுக உறுப்பினர் திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஓர் அவையில் தனிநபர் மசோதா நிறைவேறுவது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு நடந்தது. திரும்பப் பெறுமாறு அமைச்சர் கேட்டபோது சிவா இணங்கவில்லை. மக்களவையில் அந்த மசோதா நிறைவேறவில்லை. அரசு தன் சொந்த மசோதாவை 2016இல் கொண்டுவந்தது, 2019இல் சட்டம் வந்தது. திருநர் அமைப்புகள் பலவும் அந்தச் சட்டத்தை விட சிவாவின் மசோதாவே மேல் என்று கூறின, போராடின. நானும் அதை ஏற்கிறேன். அரசு கோரிக்கையைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும்போது அதன் கூர்மையை மழுக்கிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. தண்டவதேயின் காலத்தில் 1984 திருத்தம் பாதி வழியில் நின்றதும் இதே கதைதான். அன்று இன்னும் இரண்டு ஆண்டு அழுத்தம் கொடுக்க அமைப்புகள் இருந்தன. 1986 திருத்தம் அப்படித்தான் வந்தது.

வரதட்சணை ஒழிந்துவிடவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வரதட்சணைச் சாவு வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. இந்த வழக்குகளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இன்னும் அதே பழைய வாசலில்தான் தட்டுகிறார். கேட்டது வரதட்சணை அல்ல, குடும்பச் செலவுக்குக் கைமாற்று என்கிறார். 2007இல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே இதை ஏற்றது. அவசரக் குடும்பச் செலவுக்கும் உரம் வாங்கவும் பணம் கேட்டது வரதட்சணை ஆகாது என்று தீர்ப்பளித்தது. எட்டு ஆண்டுகள் அந்தத் தீர்ப்பு கீழ் நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டப்பட்டது. 2015இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அது சரியான சட்டம் அல்ல என்றது. திருமணம் தொடர்பாக என்ற சொற்களை விரிவாகவே படிக்க வேண்டும். பெண் இறந்த வழக்கில், திருமணத்துக்குப் பிறகு எந்தக் காரணம் சொல்லிக் கேட்ட பணமும் பொருளும் பொதுவாக அதற்குள் அடங்கும் என்றது.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. வரதட்சணைச் சாவு அதில் 80ஆம் பிரிவு. வரதட்சணை என்றால் என்ன என்பதற்கு அது புதிதாக எதையும் எழுதவில்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவில் உள்ள பொருளே இங்கும் என்கிறது. அந்தப் பிரிவில் இன்று இருக்கும் திருமணம் தொடர்பாக என்ற சொற்கள் 1984இல் வந்தவை.